இரண்டாவது வன்தட்டு: ஓர் இணைப்பின் வரலாறு

பழைய கணிப்பொறி ஒன்றினுள் இரண்டாவதாக ஒரு வன்தட்டைப் பொருத்துவது பார்வைக்கு எளிய வேலைதான். பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டும்; காலியாக உள்ள அறையில் தட்டை வைத்து நான்கு திருகாணிகளை முடுக்க வேண்டும்; பட்டையான வடம் ஒன்றையும் மின்கம்பி ஒன்றையும் செருக வேண்டும். ஆயினும் 1980களிலும் 1990களிலும் அரைமணி நேரத்தில் முடிய வேண்டிய இவ்வேலை அரைநாள் வரை இழுத்ததுண்டு. புதிய தட்டைச் சேர்க்கப்போய், பழைய தட்டில் இருந்தவற்றையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. ஏன் அப்படி நேர்ந்தது என்று தேடிப் போனால், தனியாள் கணிப்பொறியின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி நம் முன் விரிகிறது.

ஒரே தட்டு இருக்கும் வரை எந்தக் கேள்வியும் எழுவதில்லை. அதற்கு வரிசை எண் தேவையில்லை. பெயர் பற்றிய குழப்பமில்லை. இன்னொன்றுக்கு வழிவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டாவது வந்தவுடன் எல்லாக் கேள்விகளும் ஒருங்கே வந்துவிடுகின்றன. முதலில் எது, அடுத்து எது? எதற்கு எந்தப் பெயர்? வருவது எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? முதல் தட்டைப் பொருத்தியவர்கள் வாய்விட்டுச் சொல்லாத அனுமானங்கள் யாவும் இரண்டாவது தட்டின் வருகையில்தான் வெளிப்பட்டன என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல முயல்வது.

இடமும் மின்சாரமும்

வன்தட்டின் கதை 1956-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ராமாக்' கணிப்பொறியின் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்ட அளவு 50 லட்சம் எழுத்துகள். எடையோ ஒரு டன்னுக்கும் மேல். 1980-இல், பின்னாளில் சீகேட் என்று பெயர் மாறிய ஷுகார்ட் டெக்னாலஜி நிறுவனம், 'எஸ்டி-506' என்னும் 5 மெகாபைட் தட்டை வெளியிட்டது. 24 ஆண்டுகளில், ஓர் அறையின் மூலையை அடைத்துக்கொண்டிருந்த கொள்ளளவு, ஒருவர் கையில் தூக்கிச் செல்லும் பெட்டிக்குள் வந்துவிட்டது.

எனினும் 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியில் வன்தட்டு இல்லை. பிளாப்பியும், பாட்டுக் கேட்கும் கேசட்டுமே அதன் சேமிப்புச் சாதனங்கள். அதன் மின்வழங்கி 63.5 வாட் மட்டுமே தரவல்லது. தட்டைச் சுழற்றும் மோட்டாரையும் சேர்த்துத் தாங்கும் வலு அதற்கு இல்லை. பொறி விழித்தெழும்போது முதலில் ஓடும் 'பயாஸ்' என்னும் நிரலும், செருகப்பட்ட அட்டைகளில் உள்ள கூடுதல் நிரல்களைத் தேடிப் பார்க்கக் கற்றிருக்கவில்லை. 1982 அக்டோபர் 27 எனத் தேதியிட்ட பயாஸ் வந்த பிறகே அது கைகூடியது. ஆகவே பழைய பொறிக்கு வன்தட்டு வேண்டியவர், இடத்தை மட்டுமன்றி மின்சாரத்தையும் பயாஸையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது.

1983 மார்ச்சில் வந்த 'எக்ஸ்.டி.' கணிப்பொறியில் 10 மெகாபைட் தட்டும் 130 வாட் மின்வழங்கியும் இடம்பெற்றன. அதனுடன் வந்த டாஸ் 2.0, கோப்புகளைக் கிளை கிளையாகப் பிரித்து அடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு பிளாப்பியில் பத்து இருபது கோப்புகள் இருந்தால் ஒரே பட்டியல் போதும். தட்டு பெரிதானதும் பட்டியலுக்குள் பட்டியல் வேண்டியிருந்தது. பழைய பொறியை வைத்திருந்தவர்களுக்காக, தனி மின்வழங்கியுடன் கூடிய இன்னொரு பெட்டியையே பக்கத்தில் வைத்து இணைக்கும் ஏற்பாட்டையும் ஐ.பி.எம். செய்தது. வீடு போதாதபோது பக்கத்து மனையில் ஓர் அறை கட்டிக்கொள்வது போன்றது அது.

1985-இல் பிளஸ் டெவலப்மெண்ட் என்னும் நிறுவனம் இதற்கு இன்னும் எளிய வழியைக் கண்டது. செருகும் அட்டை ஒன்றின் மேலேயே 10 மெகாபைட் தட்டைப் பொருத்தி, 'ஹார்டுகார்டு' என்ற பெயரில் விற்றது. அட்டையைச் செருகினால் வேலை முடிந்தது. தட்டறை எல்லாம் நிறைந்துவிட்ட பொறிக்கும் இன்னொரு தட்டு கிடைத்தது.

முறுக்கிய வடம்

அக்காலத் தட்டுக்குத் தன்னறிவு கிடையாது எனலாம். தட்டைச் சுழற்றுவதும் முள்ளை நகர்த்துவதும் அதன் வேலை. எங்கே நகர்த்துவது என்று ஆணையிடும் அறிவு, தாய்ப்பலகையில் செருகிய தனி அட்டை ஒன்றில் இருந்தது. அட்டைக்கும் தட்டுக்கும் இடையே இரண்டு வடங்கள். ஆணைகள் செல்லும் 34 இழை வடம் இரு தட்டுகளுக்கும் பொது. செய்திகள் செல்லும் 20 இழை வடம் தட்டுக்கு ஒன்று.

பொது வடத்தின் கடைசிப் பகுதியில் சில இழைகள் மட்டும் பிரித்து முறுக்கப்பட்டிருக்கும். இரு தட்டுகளையும் ஒரே எண்ணில் அமைத்துவிட்டால் போதும். முறுக்குக்கு அப்பால் உள்ளது முதல் தட்டாகவும், முன்னால் உள்ளது இரண்டாவதாகவும் அமையும். எண்ணைத் தட்டில் மாற்றாமல் வடத்திலேயே மாற்றிய தந்திரம் இது. வடத்தின் முடிவில் உள்ள தட்டில் மட்டும், சைகைகள் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடைக் கட்டு இருக்க வேண்டும். மற்றதிலிருந்து அதைப் பிடுங்கிவிட வேண்டும். இரண்டாவது தட்டைச் சேர்த்தவர் இதை மறந்தால், இரண்டுமே தாறுமாறாக நடந்துகொள்ளக்கூடும்.

1984-இல் வந்த 'ஏ.டி.' கணிப்பொறி இன்னொரு விதியைக் கொண்டுவந்தது. தட்டு வகைகளின் அட்டவணை ஒன்று அதன் பயாஸில் எழுதப்பட்டிருந்தது. நாம் வாங்கிய தட்டு அதில் எத்தனையாவது வகை என்று பார்த்து அந்த எண்ணைப் பதிய வேண்டும். அட்டவணையில் இல்லாத தட்டை வாங்கியவர், அதற்கு நெருங்கிய சிறிய வகையைத் தேர்ந்து, மிச்ச இடத்தை வீணே விட வேண்டியதுதான். பிற நிறுவனங்களின் பயாஸ்களில் பின்னர் 47-ஆம் எண்ணை வெற்றிடமாக விட்டு, அளவுகளைப் பயனரே நிரப்பிக்கொள்ள வழி செய்தனர். பதிந்த எண்ணை நினைவில் வைத்திருந்தது ஒரு சிறு மின்கலம். அது தீர்ந்துவிட்டால் பொறி தன் தட்டையே மறந்துவிடும். அதனால், தட்டின் அளவுகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவைப்பது அறிந்தவர்களின் வழக்கமாயிற்று.

ஆண்டானும் அடிமையும்

வெஸ்டர்ன் டிஜிட்டல், கண்ட்ரோல் டேட்டா, காம்பேக் ஆகிய நிறுவனங்களின் கூட்டுமுயற்சியில் உருவாகி, 1986-இல் காம்பேக் கணிப்பொறிகளில் இடம்பெற்ற 'ஐடிஇ' முறை நிலைமையை மாற்றியது. ஆணையிடும் மின்னணு அறிவு அட்டையை விட்டுத் தட்டுக்கே குடிபெயர்ந்தது. தட்டுக்கும் பொறிக்கும் இடையே 40 ஊசிகள் கொண்ட ஒரே வடம்; அதில் இரண்டு தட்டுகள் வரை இணைக்கலாம்.

ஆனால் தன்னறிவுள்ள இரண்டு தட்டுகள் ஒரே வடத்தில் அமர்ந்தபோது, எது எதுவென்று சொல்ல வேண்டியதாயிற்று. தட்டின் பின்புறத்தில் இருந்த சின்னஞ்சிறு செருகியை, அதாவது 'ஜம்பரை', இடம் மாற்றி ஒன்றை 'மாஸ்டர்' என்றும் மற்றதை 'ஸ்லேவ்' என்றும் அமைத்தனர். தமிழில் சொன்னால் ஆண்டானும் அடிமையும். இரண்டையும் ஆண்டானாக அமைத்துவிட்டால் பொறிக்கு இரண்டுமே தென்படாமல் போகும். சில வெஸ்டர்ன் டிஜிட்டல் தட்டுகளில் 'தனித்து இருப்பது' என்று மூன்றாவது நிலையும் உண்டு. தனியாக இருந்தவரை ஒழுங்காக ஓடிய பழைய தட்டு, துணை வந்தபின் ஜம்பரை மாற்றாவிட்டால் முரண்டு பிடிக்கும். புதிய தட்டைச் சேர்த்தவர் பழைய தட்டையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவே.

இங்கே சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ள நாம் சற்று நிற்க வேண்டும். அப்பெயர்கள் உண்மையைச் சொல்கின்றனவா? பொறி அனுப்பும் ஆணை வடத்தின் வழியே இரு தட்டுகளுக்கும் சென்று சேர்கிறது. ஆணையுடன் ஓர் எண் வருகிறது: 0 அல்லது 1. தன் எண் வந்த தட்டே செயல்படுகிறது, மற்றது வாளாவிருக்கிறது. வகுப்பில் வருகைப் பதிவின்போது பெயரை எல்லோரும் கேட்கிறார்கள். அழைக்கப்பட்டவர் மட்டுமே 'உள்ளேன் ஐயா' என்கிறார் அல்லவா, அதைப் போன்றது இது. ஆண்டான் எனப்பட்ட தட்டு மற்றதற்கு ஆணை எதையும் இடுவதில்லை. பொறி விழித்தெழும் கணத்தில், தான் இருப்பதையும் நலமாக இருப்பதையும் இரண்டாவது தட்டு முதலாவதுக்கு இரு இழைகள் வழியே தெரிவிக்கிறது. அவ்வளவே அவற்றிடையேயான உறவு. இருந்தது வரிசை மட்டுமே, ஆதிக்கம் இல்லை. மனித வரலாற்றின் கொடிய உறவு ஒன்றின் பெயரை, அந்த உறவே இல்லாத இடத்தில் ஒட்டிவைத்திருந்தார்கள்.

தரநிர்ணய ஆவணங்களை எழுதியவர்கள் இதை உணர்ந்திருந்தனர் போலும். 1996-இல் வந்த ஏடிஏ-2 முதற்கொண்டு 'சாதனம் 0', 'சாதனம் 1' என்றே அவை குறிக்கின்றன. ஆனால் கடைத்தெருவிலும் தட்டின் மேல் ஒட்டிய தாளிலும் பழைய சொற்களே நீடித்தன. 2003 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகத்தின் கொள்முதல் பிரிவு, இச்சொற்களைத் தவிர்க்குமாறு தனக்குப் பொருள் விற்போரைக் கேட்டுக்கொண்டபோது, பலர் அதை நகைத்து ஒதுக்கினர். வெறும் தொழில்நுட்பச் சொல்தானே என்பது அவர்கள் வாதம். தொழில்நுட்பச் சொல் என்ற அளவிலேயே அது பிழையானது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரே வடத்தைப் பங்கிட்டதில் வேறொரு விலையும் இருந்தது. ஒரு தட்டு வேலை செய்யும்போது மற்றது காத்திருக்க வேண்டும். பழைய தாய்ப்பலகைகள் சிலவற்றில், வேகமான புதிய தட்டும் மெதுவான பழைய தட்டின் வேகத்துக்கே இறங்கி வர வேண்டியிருந்தது. 1994-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் முன்வைத்த விரிவாக்கம், இரண்டு வடங்களில் நான்கு சாதனங்கள் என்ற ஏற்பாட்டைப் பரவலாக்கியது.

போதும் என்ற கணக்கு

இரண்டாவது தட்டு பெரும்பாலும் முதல் தட்டைவிடப் பெரியது. இடம் போதாமல்தானே அதை வாங்குகிறோம்! அதனால் பொறியின் எல்லைகளை முதலில் முட்டியதும் அதுவே.

தட்டில் ஓரிடத்தைக் குறிக்க மூன்று எண்கள் தேவைப்பட்டன: எந்த வட்டம், எந்தப் படிக்கும் தலை, வட்டத்தில் எத்தனையாவது துண்டு. ஒரு துண்டில் 512 பைட். பயாஸை எழுதியவர்கள் 1024 வட்டம், 256 தலை, 63 துண்டு வரை இடம் விட்டிருந்தனர், இதன்படி 8.4 கிகாபைட் வரை போகலாம். ஐடிஇ-யை வகுத்தவர்கள் 65,536 வட்டம், 16 தலை, 255 துண்டு என்று இடம் விட்டனர். இதன்படி 136 கிகாபைட்டுக்கும் மேல். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தாராளமானவை. ஒரு வாசல் அகலமாகவும் குட்டையாகவும், அடுத்த வாசல் உயரமாகவும் குறுகலாகவும் இருந்தால், இரண்டிலும் நுழையும் பொருள் குட்டையாகவும் குறுகலாகவும்தான் இருக்க முடியும். இரு கணக்கும் சந்தித்தபோது எஞ்சியது 1024 வட்டம், 16 தலை, 63 துண்டு. அதாவது 52,84,82,304 பைட். 1990களின் நடுவில் 850 மெகாபைட் தட்டை வாங்கிப் பழைய 486 பொறியில் பொருத்தியவர் அதில் 528 மெகாபைட்டையே கண்டார். எஞ்சிய பகுதி தட்டில் இருந்தது. அதை அழைக்கத்தான் எண் இல்லை.

பயாஸை மாற்ற இயலாதவர்களுக்காக, தட்டின் தொடக்கத்தில் தங்கிக்கொண்டு பயாஸை ஏமாற்றும் 'டிஸ்க் மேனேஜர்' போன்ற நிரல்கள் தட்டுகளுடனேயே வந்தன. அந்தத் தடையைக் கடந்தால் 8.4 கிகாபைட் தடை. 1990களின் இறுதியில், 32 கிகாபைட்டைத் தாண்டிய தட்டைக் கண்டதும் சில பயாஸ்கள் உறைந்தே போயின. அதற்கென்று தட்டுகளில் இன்னொரு ஜம்பர் வைத்தனர்: அதைச் செருகினால் பெரிய தட்டு தன்னைச் சிறியதாக அறிவித்துக்கொள்ளும். வந்த வீட்டின் வாசலுக்கு ஏற்பத் தலை குனிந்து நுழையும் பண்பு அது.

இவற்றுள் ஆபத்தானது அடுத்த தடை. ஐடிஇ முறையில் இட எண்ணுக்கு 28 பிட்கள். அவை 137 கிகாபைட்டில் முடிந்துவிடும். 2001-இல் மேக்ஸ்டர் நிறுவனம் 160 கிகாபைட் தட்டை வெளியிட்டபோது இந்த எல்லை முட்டியது. 48 பிட்களுக்கு விரித்த ஏடிஏ-6 தரம் 2002-இல் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதே ஆண்டில் வந்த முதல் சேவைத் தொகுப்பு அதை ஏற்றது. அதை அறியாத பழைய இயக்குதளங்கள் சில, எல்லைக்கு அப்பால் எழுத முயன்றபோது எண் சுழன்று பூச்சியத்துக்கே திரும்பி, தட்டின் தொடக்கத்தில் இருந்த கோப்புகளின் மேலேயே எழுதின. பொருத்திய நாளில் எல்லாம் நன்றாகவே இருக்கும். தட்டு நிரம்பி எல்லையைத் தொடும் நாளில்தான் இழப்பு தெரியும். முந்தைய தடைகள் 'இடமில்லை' என்று வாசலிலேயே சொல்லிவிட்டன. இது சொல்லவில்லை.

ஒவ்வோர் எல்லையையும் வகுத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். 10 மெகாபைட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு 8,400 மெகாபைட்டுக்கு இடம் விட்டவரை யார் குறை கூற முடியும்? தனித்தனியே போதுமானவை சேரும்போது போதாமல் போகலாம் என்பதை மட்டும் அவர்களால் முன்னறிய முடியவில்லை.

பாகப்பிரிவினை

தட்டைப் பொருத்தி, பொறியும் அதை அறிந்துகொண்ட பிறகு எஞ்சுவது பிரிவினை. தட்டைப் பகுதிகளாகப் பிரிப்பதை 'பார்ட்டிஷன்' என்கிறார்கள். நம் ஊர்ப் பத்திர எழுத்தர்களுக்குப் பழகிய சொல்தான். பாகப்பிரிவினைக்குரிய சச்சரவுகளும் இதில் உண்டு.

டாஸிலும் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றிலும் பகுதிகளுக்கு எழுத்துகள் பெயராக வழங்கப்பட்டன. முதல் தட்டில் ஒரு முதன்மைப் பகுதியும், அதையடுத்து ஒரு துணைப்பகுதியும் இருந்தால் அவை முறையே சி, டி. இப்போது முதன்மைப் பகுதி கொண்ட இரண்டாவது தட்டைச் சேர்க்கிறோம். எழுத்து வழங்கும் விதி, முதலில் எல்லாத் தட்டுகளின் முதன்மைப் பகுதிகளையும் பார்க்கும். அதன் பிறகே துணைப்பகுதிகள். ஆகவே டி என்ற பெயர் புதியவருக்குப் போய்விடும். அதுவரை டி-யாக இருந்தது ஈ-யாகிவிடும். டி-யில் நிறுவிய நிரல்கள் தம் கோப்புகளைத் தேடித் திண்டாடும். பழைய டி என்று எண்ணிப் புதியதையோ, புதிய டி என்று எண்ணிப் பழையதையோ அழித்து வடிவமைக்கும் விபரீதத்துக்கும் இது வழிவகுத்தது. இழப்புகள் பலவற்றின் வேர் இந்தப் பெயர் மாற்றமே.

இதற்கு ஓர் எளிய பரிகாரமும் உண்டு. இரண்டாவது தட்டில் முதன்மைப் பகுதியே இல்லாமல், முழுவதையும் துணைப்பகுதியாக வகுத்துவிட்டால், அதன் பெயர்கள் வரிசையில் கடைசியாகவே வரும். பின்னால் வந்தவர் முன்னுரிமை கோராதிருந்தால் இருந்தவர்களின் பெயர் மாறாது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி முதலியவை வழங்கிய எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டதால் இச்சிக்கல் பெருமளவு நீங்கியது.

பிரிவினையில் வீணும் உண்டு. அக்காலத்து ஃபேட்16 முறையில் 2 கிகாபைட் பகுதி ஒன்றில் மிகச் சிறிய கோப்பும் 32,768 பைட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரு குறட்பா அக்கால எழுத்துருவில் 100 பைட் அளவில் அடங்கிவிடும். 1330 குறள்களையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்தால் அவை 43 மெகாபைட்டுக்கு மேல் இடம் கேட்கும். 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்தப் பதிப்புடன் வந்த ஃபேட்32 முறையே இந்த வீணைக் குறைத்தது.

எடைக்குப் போடுமுன்

2003-இல் வெளிவந்த 'சாட்டா' முறை, தட்டுக்கு ஒரு வடம் என்று ஆக்கியதும் ஆண்டான், அடிமை ஜம்பர்களுக்கு வேலையில்லாமல் போனது. சொல்லைப் பற்றிய விவாதம் தீரும் முன்பே சொல்லுக்குரிய பொருள் விடைபெற்றுவிட்டது. இன்றைய தாய்ப்பலகைகளில் 40 ஊசி வாய் காண்பதரிது.

எனினும் இரண்டாவது தட்டு என்ற கருத்துக்கு நம்மைப் போன்றோரிடம் இன்னும் ஒரு வேலை மிச்சமுள்ளது. பழைய பொறி உயிர்விட்டபின் அதன் தட்டைக் கழற்றி, ஓடுகின்ற வேறொரு பொறியில் இரண்டாவதாக இணைத்தால், உள்ளிருப்பவற்றைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். யுஎஸ்பி வழியே இணைக்கும் மாற்றிகள் கடைகளில் கிடைக்கின்றன; அவற்றுள் பல, தட்டு முதலாவதாக அல்லது தனித்ததாக அமைக்கப்பட்டிருப்பதை எதிர்பார்ப்பதால், ஜம்பரைப் பற்றிய பழைய அறிவு இங்கும் பயன்படும். படித்து முடிக்கும் வரை எதையும் அதில் எழுதாதிருப்பது நலம்.

தமிழைப் பொறுத்தவரை இதில் இன்னொரு படியும் உண்டு. 1990களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ், யூனிகோடில் இல்லை. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்றிருந்த காலம் அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்களும் திஸ்கி முதலிய குறியேற்றங்களில் இருந்து பின்னரே யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. ஆகவே தட்டிலிருந்து கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. அதனுடன் இருந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். எழுத்துரு இல்லாத கோப்பு, எழுத்து வடிவம் அறியாதவர் கையில் கிடைத்த கல்வெட்டுப் படி போன்றது.

கல்லூரித் துறைகளிலும் சிற்றிதழ்க்காரர் வீடுகளிலும் பரண் மேல் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகளில், அச்சேறாத ஆய்வேடுகளும் இதழ்த் தொகுப்புகளும் கடிதங்களும் உறங்கக்கூடும். மின்சாரமின்றிக் கிடக்கும் தட்டும் நிரந்தரமானதன்று. அதன் எண்ணெய் இறுகும், பொறிகள் சிக்கும். அத்தகைய பெட்டியை எடைக்குப் போடுமுன் நான்கு திருகாணிகளைக் கழற்றி, தட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஒட்டியுள்ள தாளைக் கிழிக்காமல் விடுவோம். ஜம்பரை எங்கே செருக வேண்டும் என்பது பெரும்பாலும் அதில்தான் அச்சிடப்பட்டிருக்கிறது.